எருமைக்கு ஒரு தீர்ப்பு

மேலச்சுணைப்பட்டி கோர்ட்டில் மூன்று வக்கீல்கள் இருந்தார்கள்: ஆவுடைநாயகம், தாணுமூர்த்தி, பிச்சுமணி. மூன்று பேருக்கும் கறுப்புக் கோட்டு இருந்தது. மூளையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது.

இவர்களிடம் போய் மாட்டினாள் வெள்ளத்தாயி. பால் ஊற்றிப் பிழைக்கிறவள், இருந்தது ஒரே ஒரு எருமை. மேயப்போன அந்த எருமையைப் பக்கத்து வீட்டுச் சுடலைக்கண்ணு பிடித்துக் கட்டிக்கொண்டு, "இத்தனை நாள் தீனி போட்டவன் நான், இனி இது என்னுது" என்று அடம்பிடித்தான். வழக்கு முடியும்வரை எருமை வெள்ளத்தாயியிடமே இருக்கட்டும் என்று நீதிபதி சொல்லியிருந்தார்.

சட்டப் புத்தகத்தைத் தொட்டால் கோட்டில் தூசி ஒட்டும் அல்லவா? அதனால் பிச்சுமணி செல்போனில் இருந்த செயற்கை நுண்ணறிவைக் கேட்டார். அது கொஞ்சமும் தயங்காமல், 'கொம்பையா எதிர் பேராச்சி' என்று ஒரு வழக்கைச் சொன்னது. பேராச்சி கட்டிவைத்துத் தீனி போட்ட எருமையைக் கொம்பையாவிடமே ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பாம். மூவரும் அதைக் கோர்ட்டில் கம்பீரமாக வாசித்தார்கள்.

நீதிபதி தேடிப் பார்த்தார். அப்படி ஒரு வழக்கே கிடையாது. "அடுத்த வாய்தாவுக்கு அந்தத் தீர்ப்பின் நகலைக் கொண்டு வாங்க. இல்லேன்னா எருமை சுடலைக்கண்ணுக்குத்தான்" என்று எரிந்து விழுந்தார்.

வெட்கம் உள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஆலோசனை பண்ணினார்கள்.

"ஒருவேளை மிஷின் பொய் சொல்லியிருக்குமோ?" என்றார் ஆவுடைநாயகம்.

"அதுகிட்டயே கேட்டுட்டேன் வே. பொய் இல்லைன்னு சொல்லிருச்சு" என்றார் பிச்சுமணி.

"பிறகு ஏன் தீர்ப்பைக் காணோம்?"

தாணுமூர்த்தி கண்ணை மூடி, நெற்றியைத் தேய்த்து, ஒரு வடையையும் தின்று முடித்தார். "வழக்கு இன்னும் நடக்கல வே. மிஷின் வேகமான ஆளு, முந்திக்கிட்டுச் சொல்லிருச்சு. நாமதான் சோம்பேறித்தனமா இருந்துட்டோம்."

"அடடா! அப்போ நடத்திர வேண்டியதுதான்!"

கொம்பையா என்ற பேரில் ஓர் ஆளையும், பேராச்சி என்ற பேரில் ஓர் அம்மாளையும் தேடி ஊர் ஊராக அலைந்தார்கள். பக்கத்து ஊரில் இரண்டு பேரும் கிடைத்தார்கள். எருமை? அதற்கு எங்கே போவது? நேராக வெள்ளத்தாயி வீட்டுக்குப் போய், "உங்க கேஸுக்கு ரொம்ப முக்கியம்மா" என்று அவளுடைய எருமையையே ஓட்டிக்கொண்டு வந்து பேராச்சி வீட்டு வாசலில் கட்டினார்கள். பேராச்சி கொல்லையில் வேலையாக இருந்ததால் பார்க்கவில்லை. கையோடு கொம்பையாவைக் கொண்டு அந்த ஊர்க் கோர்ட்டில் வழக்கும் போட்டார்கள்.

பேராச்சி கூண்டில் ஏறி, "இது என் எருமையே இல்ல சாமி. வாசலைப் பெருக்க முடியல, யாருதுன்னாலும் ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கும்பிட்டாள். கேட்டு வந்தவன் கொம்பையா ஒருவன்தான். எருமையை அவனிடமே ஒப்படைக்கச் சொல்லி அந்த நீதிபதி தீர்ப்பு எழுதினார். மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கருமம், கருமம்!

வாய்தா நாளில் நகல் வந்தது. மேலச்சுணைப்பட்டி நீதிபதி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முத்திரையும் கையெழுத்தும் சரியாகவே இருந்தன. வேறு வழியில்லாமல், எருமை வெள்ளத்தாயிக்கே என்று சொல்லிவிட்டார்.

வெள்ளத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பீய ஐயா! எருமை எங்க கட்டிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

"கொம்பையா வீட்டுல" என்றார் ஆவுடைநாயகம்.

"போய் ஓட்டியாந்திரவா?"

"அதெப்படிம்மா முடியும்? அது அவனுக்குன்னு கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிருச்சே. வாதாடுனதே நாங்கதான்."

"அடப் பாவிகளா! என் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று அவள் போட்ட கூச்சலில் கோர்ட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

பிச்சுமணி பதறிப்போய்ச் செல்போனைத் தட்டினார். தட்டியதும் முகம் மலர்ந்தது.

"அழாதீங்கம்மா! கொம்பையாகிட்ட இருந்து எருமையை மீட்கவும் ஒரு தீர்ப்பு இருக்காம். அடுத்த வாரமே அதையும் நடத்திருவோம்" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்டுல வேற எருமை ஏதும் நிக்குதா?"