ஆட்டோமேட்டிக்குக்குக் கெட்டி மவுண்ட் போட்ட கதை

பொள்ளாச்சியில் பொய் சொல்லாமல் ஒரு நட்டைக்கூட முடுக்கமாட்டார் என்று பேர் வாங்கியவர் மெக்கானிக் நாச்சிமுத்து. அவருடைய பட்டறையில்தான் சுகந்தியும் அவள் புருஷன் கதிர்வேலும் தங்கள் இரண்டு கார்களையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

சுகந்தியுடையது கியர் போட்டு ஓட்டுகிற மேனுவல். வால்பாறையில் பிசிக்ஸ் டீச்சர் அவள். மலையில் கிளட்சை விடும்போதெல்லாம் என்ஜின் ஒரு குதி குதித்து 'டம்' என்று இடித்தது. கதிர்வேலுடையது ஆட்டோமேட்டிக். முதுகில் ஆபரேஷன் செய்திருந்த அவன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது அதில்தான்.

"ரெண்டுக்குமே இருக்கறதுலயே கெட்டியான மவுண்ட் போட்டுருங்கண்ணா. ரேஸ் வண்டிக்கெல்லாம் அதுதானாம்" என்றான் கதிர்வேல்.

மவுண்ட் என்பது என்ஜினைத் தாங்குகிற ரப்பர், அது கெட்டியானால் அதிர்வு முழுக்க உள்ளே வரும், மாமா முதுகு தாங்காது என்று சுகந்தி வீட்டிலேயே படம் போட்டு விளக்கியிருந்தாள். அவன் வீடியோ பார்த்துவிட்டு வந்தவன். காதில் ஏறவில்லை.

நாச்சிமுத்து கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மேனுவலுக்குக் கெட்டி மவுண்ட் போட்டா அந்தச் சொகமே தனிங்க தம்பி. எம்பட வண்டிக்குப் போட்டேன். அப்பறம் கியரைத் தொடவே வேண்டியதில்லை. மூணுன்னு மனசுல நெனைச்சாப் போதும், மூணுல உளுந்துரும்."

"மனசுலயா?"

"ஒருக்கா பல்லடம் போறப்ப சம்சாரத்தை நெனைச்சுட்டேன். ரிவர்ஸ் உளுந்துருச்சு."

கதிர்வேல் சிரித்தான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"வால்பாறை ஏறலாம்னு ஆக்சிலேட்டரை மிதிச்சேன். என்ஜின் அசையலை, வண்டியும் அசையலை. மலைதானுங்க எறங்கி வந்துச்சு. ஒவ்வொரு வளைவா வந்து என்னையத் தாண்டிப் போவுது. பஸ் ஸ்டாண்டு வந்ததும் எறங்கி டீ குடிச்சேன்."

"மலை எறங்குனா மேல வந்துட்டிருந்த பஸ்ஸெல்லாம்?" என்றாள் சுகந்தி.

"அன்னைக்கு எல்லாமே லேட்டுங்க அம்மிணி."

கதிர்வேலின் கண் மின்னியது. சுகந்திக்கோ, இந்த ஆள் காரியத்தையே கெடுத்துவிடுவார் போலிருந்தது.

"அப்ப என்னோடதுக்கும்..." என்று ஆரம்பித்தான் கதிர்வேல்.

"எம்பட மச்சினனும் இப்படித்தான் ஆசப்பட்டான். மேனுவலை சிக்னல்ல நியூட்ரல் பண்ணிட்டு நிக்கலாம். ஆட்டோமேட்டிக்குல 'டி' கியர்ல போட்டு பிரேக்கை மிதிச்சுட்டு நிப்போம். என்ஜின் போகோணும்னு முட்டும், பிரேக் விடாது. மெத்துனு ரப்பர் இருந்தா அந்த ஒதறலை வாங்கிக்கும். இவன்தான் கல்லாட்டம் போட்டுட்டானே. கோயமுத்தூர் சிக்னல்ல நின்னான். பின் சீட்டுல இருந்த தயிரு மோராச்சு, வெண்ணெய் தெரண்டுச்சு, நெய்யே ஆயிருச்சு."

"நெய்க்கு அடுப்பு வேணுமே" என்றாள் சுகந்தி.

"ஆட்டத்துல வந்த சூடுங்க. டீச்சருக்குத் தெரியாததா? அப்பறம் அவன் சட்டையில இருந்த கட்டமெல்லாம் கழண்டு உளுந்து வெறும் வெள்ளைச் சட்டையாப் போச்சு. கடைசீல செகப்பு லைட்டு ஆடி ஆடிப் பச்சை மேல உளுந்துச்சு."

"வண்டி கெளம்புச்சா?"

"என்ஜின் கெளம்புச்சு. வண்டி உதுந்துருச்சு. மச்சினன் நடுரோட்டுல சீட்டும் ஸ்டீரிங்குமா உக்காந்திருக்கான். என்ஜின் தனியா அவினாசி வரைக்கும் போயி நின்னுச்சு."

கதிர்வேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்தான். "நல்ல புளுகுண்ணா. அதெல்லாம் ரெண்டு நாள்ல பழகிரும். கெட்டியே போடுங்க."

சுகந்திக்கு என்ன வந்ததோ, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது புளுகில்லைங்க. அந்த மச்சினன் எங்க பி.டி. மாஸ்டருக்குச் சொந்தம். இன்னும் ஒதறல் நிக்கலை. பேங்குல கையெழுத்துப் போட்டார்னா, ஈசிஜின்னு நெனைச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடறாங்க. கல்யாணத்துல மூணு முடிச்சுப் போடக் குனிஞ்சவரு, கை நிக்காம முழுக்கை ஸ்வெட்டரே பின்னிட்டாரு. பொண்ணு அதைப் போட்டுட்டுத்தான் பந்தியில உக்காந்துச்சு."

முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் ஒரு பொய் வந்து கதிர்வேல் கேட்டதில்லை. நம்பினானோ, அவளைப் பார்த்துப் பயந்தானோ, அவனுக்கே தெரியாது.

"சரிண்ணா. என்னோடதுக்கு கம்பெனி ரப்பரே புதுசாப் போட்டுருங்க. அப்பா வர்ற வண்டி. இவளோடதுக்கு மட்டும் கெட்டி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சுகந்திக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும்போல இருந்தது. நாச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இத்தனை பொய் ஆகாதுங்க. எனக்கு மச்சினனே கெடையாது."