ஒரு காசு அதிரசம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, குவளைநாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மனசில் ஒன்று தோன்றிவிட்டால் அது அந்த நிமிஷமே நடந்தாக வேண்டும்.

ஒரு மழைநாளில் அவருக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனது, வெல்லப்பாகு வாசனை, ஒரு காசுக்கு வாங்கித் தின்ற அதிரசம். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. அதிரசத்தையாவது தின்று பார்க்கலாமே என்று ஏங்கிப்போய், ஒற்றைக் காசைக் கொடுத்து ஒரு சேவகனை அனுப்பினார்.

சேவகன் வெறுங்கையோடு திரும்பினான். "அதிரசம் அஞ்சு காசாம், மகாராஜா."

ராஜாவுக்கு வந்ததே கோபம்! யாரோ தம் பால்யத்தையே களவாடியது போலிருந்தது அவருக்கு.

பொக்கிஷ அதிகாரி பூதலிங்கம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மந்திரி காரியழகரின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "எல்லாம் வியாபாரிகளின் பேராசை, பிரபு. மந்திரியார் இடம் கொடுத்துவிட்டார்" என்று தூபம் போட்டார்.

அதிரசக்காரி அங்காயியைக் கூட்டி வந்து சபையில் நிறுத்தினார்கள்.

"எங்க அப்பன் காலத்துல ஒரு காசுக்குத்தான் வித்தோம் சாமி. இப்ப வெல்லக்காரன் அஞ்சு மடங்கு கேக்குறான். அரிசிக்காரனும் அப்படித்தான். நான் மட்டும் ஒரு காசுக்கு வித்தா, மறுநாள் எதைப் போட்டுச் சுடுறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு காசுக்கு விற்காவிட்டால் உன் கடையைப் பிடுங்கி எறியச் சொல்வேன்!" என்று இரைந்தார் ராஜா.

அங்காயி அழுதுவிட்டாள். அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

காரியழகர் எழுந்தார். "பிரபு, நாளைக்கு ஒரு காசு அதிரசத்தை நானே சுட்டுக்கொண்டு வருகிறேன். அதைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"மந்திரியாருக்குக் கரண்டி பிடிக்கவும் தெரியுமோ?" என்றார் பூதலிங்கம்.

"பதவி போனால் பிழைக்க வேண்டாமா ஐயா?"

மறுநாள் வெள்ளித் தட்டில் அதிரசம் வந்தது. நல்ல பொன்னிறம், மேலே நெய் மினுமினுப்பு. ராஜா ஆசையாய்க் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். அடுத்த நொடி தூவென்று துப்பினார். வாயெல்லாம் உமி!

"என்னய்யா இது?"

"அதிரசம்தான், பிரபு. வட்டம் குறையவில்லை, எடை குறையவில்லை. மாவும் வெல்லமும் ஒரு பங்கு, உமியும் தவிடும் நாலு பங்கு. அவ்வளவுதான்."

"பைத்தியமா உமக்கு? உமியைப் பிசைந்து அதிரசம் என்று பேர் வைத்தால் ஆயிற்றா? எவன் வாங்குவான் இதை?"

காரியழகர் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துத் தட்டில் வைத்தார். "இதையும் அப்படித்தான் பழைய மதிப்புக்கு எவனும் வாங்க மாட்டேன் என்கிறான், பிரபு. வட்டம் குறையவில்லை, தங்கள் திருமுகமும் இருக்கிறது. தங்கள் தந்தையார் நாளில் இது முழுச் செம்பு. இப்போது ஒரு பங்கு செம்பு, நாலு பங்கு ஈயம். வெல்லக்காரன் உரசிப் பார்த்துவிட்டு ஐந்து காசு கேட்கிறான். அங்காயி விலையை ஏற்றவில்லை. அந்தப் பழைய செம்பைத்தான் கேட்கிறாள்."

பூதலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. "முடிசூட்டு விழாவுக்குக் காசு போதவில்லை என்று தாங்கள்தானே..." என்று இழுத்தார்.

ராஜாவுக்கு எல்லாம் நினைவு வந்தது. ஈயம் கலந்தால் ஒன்று ஐந்தாகும் என்று பூதலிங்கம் சொன்னதும், தாம் முதுகில் தட்டிக் கொடுத்ததும். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"பூதலிங்கம், இனி நீர் சந்தையில் உட்காரும். ஐந்து ஈயக் காசுக்கு ஒரு செம்புக் காசு மாற்றிக் கொடும். ஜனங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நீரே பதில் சொல்லும்" என்றார். தம் முத்து மாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். அங்காயியிடம் மன்னிப்பும் கேட்டார். அது ராஜாக்கள் லேசில் செய்கிற காரியமில்லை.

புதுக் காசு அடித்து முடிந்ததும் பல்லக்கில்லாமல் நடந்தே சந்தைக்குப் போனார். ஒரு காசு கொடுத்தார், அதிரசம் வாங்கிக் கடித்தார். அதே ருசி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நல்லா இல்லையா சாமி?" என்று பதறினாள் அங்காயி.

"ரொம்ப நன்றாக இருக்கிறது, தாயி. பழைய விலை திரும்பி வந்துவிட்டது. கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள்தான் வரவில்லை."

அங்காயி சட்டியிலிருந்து சூடாக இன்னொன்றை எடுத்து இலையில் வைத்து நீட்டினாள்.

"இதுக்குக் காசு வேணாம்யா. சாப்பிடு."