கை அசைந்தால் ஓடும்

மலையடிவார ஆசிரமத்துக்கு வந்த பொன்னுரங்கத்தால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார முடியவில்லை. கால் மடங்கியது. மூச்சும் அடங்கியது. இடது கை மட்டும் தொடைமேல் துள்ளிக்கொண்டே இருந்தது.

காரணம், மணிக்கட்டில் கிடந்த வெளிநாட்டுக் கடிகாரம். நாள், கிழமை, மாதம், பிறை எல்லாம் காட்டும். லீப் வருஷத்தைக்கூடத் தானே பார்த்துக்கொள்ளும். சாவி கொடுக்க வேண்டாம், கை அசைந்தால் ஓடும். நின்றுவிட்டாலோ, நேர்செய்யக் கடல் கடந்து அனுப்ப வேண்டும்.

மில் தலையெடுத்த வருஷம் வாங்கியது. அவர் தலை நரைத்துவிட்டது, அது ஒருநாளும் நின்றதில்லை. காய்ச்சலில் படுத்தாலும் கையை ஆட்டிக்கொண்டே படுப்பார். மகள் கல்யாணத்தில் தாரை வார்த்தபோது கை ஆடி, தண்ணீர் சம்பந்தியின் மடியில் விழுந்தது. நரம்புத் தளர்ச்சி என்று ஊர் பேசிக்கொண்டது.

குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பெயர் வடிவம்மை.

"கழற்றி வெச்சுட்டு உட்காரலாமே?" என்றார்.

"நின்னு போயிருமுங்க."

"நின்னா என்ன?"

பொன்னுரங்கம் தயங்கினார். "இது கைக்கு வந்த பொறகுதானுங்கம்மா மில்லு, வீடு, மருவாதி எல்லாமே. இது நின்னா அத்தனையும் நின்னுருமோன்னு பயமுங்க."

சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்க வந்திருக்கிறார், பாவம்.

வடிவம்மை கையை நீட்டிக் கடிகாரத்தை வாங்கினார். நேரே தொழுவத்துக்குப் போய், செவலைப் பசுவின் கழுத்து மணிக்குப் பக்கத்தில் கட்டினார். பசு தலையை உதறியது. கன்று வந்து கண்ணாடியை நக்கியது. பொன்னுரங்கம் ஓடிப்போய்க் கன்றை விலக்கினார்.

"இனி இது ஆட்டும். நீங்க போய் உட்காருங்க."

உட்கார்ந்தார். மணிச்சத்தம் கேட்டால் நிம்மதி. கேட்காவிட்டால் எழுந்து தொழுவத்துக்கு ஓட்டம். பசு அசந்து படுத்தால் புல்லைக் காட்டி எழுப்புவார். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கு அழுகைதான் வந்தது.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. கடிகாரம் பிசகாமல் ஓடியது. அவருடைய வெறுங்கையும் துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

பால் கறந்துகொண்டிருந்த வடிவம்மையின் முன்னால் போய் நின்றார்.

"கடிகாரம் மாட்டுக் கழுத்துல கெடக்குது. என் கை எதுக்குங்க இன்னும் ஆடுது?"

வடிவம்மை கறந்துகொண்டே இருக்க, அவரே தொடர்ந்தார்.

"அந்த வாயில்லாச் சீவன் ஒரு வாரமா அதை நிக்கவிடாமப் பாத்துக்குது. ஆனாலும் மத்தியானமானா நிம்மதியாத் தூங்குது. எனக்கு மட்டும் ஏனுங்கம்மா முடியலை?"

பசு காதை அடித்துத் தலையை உதறியது. மணி குலுங்கியது.

"அது கடிகாரத்துக்காக ஒரு தடவைகூடத் தலையாட்டலைங்க," என்றார் வடிவம்மை. "ஈ வந்து உட்கார்ந்துச்சு, விரட்டுச்சு."