அறுபத்து நான்கு பட்டங்களும் ஏழு ஓலைகளும்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற சீமையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் அவசரக் குடுக்கை. போதாததற்குத் தூங்குமூஞ்சி வேறு. எந்த ஓலையை வாசித்தாலும் முதலில் ராஜாவின் அறுபத்து நான்கு பட்டங்களையும் ராகம் போட்டுப் பாட வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். பாடுகிறவர், ஓலைகளை வாசிக்கும் அதிகாரியான ஓலைநாயகம் வாகீசர். இருபதாவது பட்டத்திலேயே ராஜா குறட்டை விடுவான். ஓலையில் இருந்த விஷயம் வாசிக்கப்படாமலே ஓலைக்கட்டுக்குள் போய்விடும்.

அரண்மனை இருந்த ஊரின் மருத்துவச்சி தையல்நாயகி. வாந்திபேதி ஊரை ஆட்டிய மூன்று வருஷமும் வீடு வீடாக ஏறி, யாருக்கு நோய், அவர்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று விசாரித்தாள். யானைக் கொட்டிலை ஒட்டிய தெற்குக் கிணறுதான் ஆளை விழுங்குகிறது என்று தெரிந்தது. ஏழு ஓலை எழுதி அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

வாகீசருக்கு வயிற்றெரிச்சல். தன்னை மிஞ்சி ஒருத்தி ராஜாவுக்கு யோசனை சொல்வதா? "குயவர் தெருச் சூளைப் புகைதான் நோய்க்குக் காரணம், மகாராஜா" என்று காதில் ஓதினார். "வெள்ளிக்கிழமை அந்தத் தெருவை இடித்துவிடுங்கள்" என்று ராஜா கொட்டாவியோடு உத்தரவு போட்டான்.

உத்தரவு தையல்நாயகியின் காதுக்கு வந்தது. நாற்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வரும், நோயும் போகாது. எல்லை சுற்றிவிட்டு அன்றுதான் திரும்பிய மந்திரி உலகளந்தாரிடம் ஓடினாள்.

"ஐயா, இடிக்கப் போற குயவர் தெருவுலயே வடக்குக் கிணத்துத் தண்ணி குடிக்கிற வீடு ஆறு இருக்கு. அதே புகையிலதான் அவங்களும் கெடக்காங்க. ஒருத்தருக்கும் நோய் இல்ல. ஏழு தடவை எழுதிட்டேன்."

"ஏழு தடவையும் ராஜா தூங்கியிருப்பார். நாளைக்குச் சபைக்கு வா அம்மா."

மறுநாள் மந்திரி மிளகு தூக்கலாகப் போட்ட அடையை ராஜாவுக்குக் கொண்டுவந்தார். நாலு அடை உள்ளே போனதும் ராஜாவுக்கு நாக்கு எரிந்தது. தண்ணீர் கேட்டான். மந்திரி இரண்டு செம்புகளை வைத்தார்.

"ஒன்று வடக்குக் கிணறு, ஒன்று தெற்குக் கிணறு. ஒன்றில் வாந்திபேதி இருக்கிறதாம், மகாராஜா. எதில் என்று இந்த ஓலையில் இருக்கிறது. வாகீசர் வாசிக்கட்டும்."

வாகீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டங்களை ஆரம்பித்தார். பத்தாவதில் ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. பதினைந்தாவதில் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஓய், என் பெருமையைக் குடித்தா என் தாகம் தீரும்? விஷயத்துக்கு வாரும்."

"வழக்கத்தை மீறலாமா, மகாராஜா?"

"எழுதினவர் யார்? அவரையே கூப்பிடுங்கள்."

தையல்நாயகி முன்னால் வந்து வடக்குக் கிணற்றுச் செம்பை எடுத்து நீட்டினாள். ராஜா மடமடவென்று குடித்தான். பிறகு அந்த ஆறு வீட்டுக் கதையைக் கொட்டாவி விடாமல் கேட்டான்.

"இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?"

"போன ஐப்பசியிலயே முதல் ஓலை அனுப்பிட்டேன், மகாராஜா."

"அதற்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள்?"

"இருபத்தேழு பேர். அதுல பதினோரு பேர் பச்சப் புள்ளைங்க."

ராஜா தலைகுனிந்தான். பாவம், அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. அன்றே தெற்குக் கிணற்றை மூடச் சொன்னான், தெருவை இடிக்கும் உத்தரவைக் கிழித்தான். "இனி எதை முடிவு செய்தாலும், அதை ஆராய்ந்தவர் என் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாகீசரே, ஒரு மாதம் குயவர் தெருவுக்கு நீர்தான் வடக்குக் கிணற்றுத் தண்ணீர் சுமக்கிறீர்" என்றான்.

பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மேலத்தெருவுல நேத்து ரெண்டு பேர் நோயில விழுந்திருக்காங்க, மகாராஜா. போய்ப் பாக்கணும். பாத்துட்டு யார்கிட்ட வந்து சொல்லட்டும்?"

"என்னிடம்" என்றான் ராஜா. "நேரே என்னிடம் வா அம்மா."