எதிர் மரத்தில் உட்கார்ந்திருந்த இருவாச்சி

ஒரு காட்டில், மேகம் இறங்கி வந்து இலைகளின் மேல் படுத்துக்கொள்ளும் உயரத்தில், பழைய காட்டுப்பலா மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் பவளாயி என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். அவள் கணவன் பெயர் அலகேசன்.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலைச் சேற்றால் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனபின் அதன் சிறகிலுள்ள இறகுகள் உதிர்ந்துபோகும். புது இறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. ஆண் பறவைதான் தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அலகுக்குக் கொணர்ந்து, அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வேறு கதி இல்லை.

வாசலை அடைக்கும் முன் பவளாயி ஒன்றுதான் கேட்டாள். "வந்துடுவீங்கல்ல?"

"இதென்ன கேள்வி? உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?" என்றான் அலகேசன்.

அவன் சொன்னது பொய் இல்லை.

ஆனால் அலகேசனின் மனம் ஒரு மாதிரியானது. பழம் பறிக்கவென்று கிளம்புவான். வழியில் இரண்டு மைனாக்கள் சண்டை போட்டால் நின்று பார்ப்பான். சண்டை முடிந்ததும், மைனா உட்கார்ந்திருந்த கிளையில் பட்டை உரிந்திருப்பது கண்ணில் படும். பட்டைக்கு அடியில் ஒரு வண்டு இருக்கும். வண்டு பறந்துபோன பக்கம் ஓர் அருவி இருக்கும். அருவிச் சாரலில் வெயில் பட்டு நிறம் நிறமாகத் தெரியும். எதற்காகக் கிளம்பினோம் என்பது, ஈரக் கூழாங்கல் போல எங்கோ நழுவி விழுந்திருக்கும். விழுந்த சத்தம்கூட அவனுக்குக் கேட்காது. மறுபடி நினைவு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று குத்தும். பதறிப் பறப்பான்.

பக்கத்து மரத்தில் நல்லமுத்து என்ற இருவாச்சி இருந்தான். அவன் மனைவியும் பொந்துக்குள்தான் இருந்தாள். நல்லமுத்து கிளம்பினால் பழமரம், திரும்பினால் பொந்து. அருவி இருப்பதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

"ரெண்டு கண்ணையும் நேரா வச்சுக்கிட்டுப் பறந்தா போதும் தம்பி, இதுல என்ன கஷ்டம்?" என்று அவன் அலகேசனிடம் கேட்டான். பிறகு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். "மனசுல அக்கறை இருந்தா மறக்குமா?"

அந்தச் சொல் அலகேசனுக்குள் போய்த் தங்கிவிட்டது. அப்படியானால் தனக்கு அக்கறை இல்லையா? நல்ல பழமாகக் கண்டால் பவளாயிக்கென்றுதான் எடுத்து வைத்தான். அது அக்கறை இல்லாமல் வேறு என்ன? அவனுக்குப் புரியவில்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அவன் முயலாமல் இல்லை. ஒரு நாள் எதையும் பார்க்கக் கூடாதென்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பறந்து, தேக்கங்கிளையில் மோதினான். இன்னொரு நாள், பார்த்ததும் நினைவு வரட்டும் என்று காலில் ஒரு சுள்ளியைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். சுள்ளியின் மேல் ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய சருகை இழுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்ததிலேயே அரை நாள் போயிற்று.

அப்புறம்தான் பொய் வந்தது. முதல்முறை, கழுகு துரத்தியது என்றான். அடுத்த முறை, பனிமூட்டத்தில் வழி தெரியவில்லை என்றான். ஒரு தடவை, அத்திமரம் முழுக்கக் குரங்குகள் ஏறிக்கொண்டு கிட்டவே விடவில்லை என்றான். பவளாயி கீறலுக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "அப்படியா, பாவம். பழத்தைக் குடுங்க" என்பாள். அவள் நம்பிவிட்டாள் என்று அவன் நினைத்தான்.

நல்ல பொய்யாகக் கிடைக்க நேரம் வேண்டுமே. அதனால் தாமதமான நாட்களில் அவன் நேரே வீட்டுக்குப் போகாமல், எதிரே இருந்த வேங்கை மரத்தின் அடர்ந்த இலைகளுக்குள் போய் உட்கார்ந்து யோசிப்பான். பழம் தொண்டையில் இருக்கும். வீடு கண்ணெதிரே இருக்கும். யோசித்து முடித்த பிறகுதான் போவான்.

கோடையில் முட்டை பொரிந்தது. பொந்துக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு குரல் வந்தபோது அலகேசன் கிளையிலிருந்து தவறி விழப் பார்த்தான். இனி ஒரு நாளும் மறக்க மாட்டேன் என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டான்.

மறுநாள் விடிந்ததும் பறந்தான். மைனாக்களைப் பார்க்கவில்லை. அருவிப் பக்கம் திரும்பவில்லை. தொண்டை கொள்ளுமட்டும் அத்திப்பழத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினான். அவனுக்கே பெருமையாக இருந்தது.

வழியில் வறண்ட ஆற்றில் ஒரு யானைக்குட்டி துதிக்கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. அம்மா யானை தள்ளி நின்று பார்த்தது. குட்டிக்குத் தோண்டத் தெரியவில்லை. மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அலகேசன் ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

தண்ணீர் வந்தது. அப்போது சூரியன் மேற்கே வெகுதூரம் போயிருந்தான்.

சுருக்கென்று குத்தியது. பறந்து வந்தான். நேரே வீட்டுக்குத்தான் போக நினைத்தான். அதற்குள் நல்லமுத்து தன் பொந்தின் முன் உட்கார்ந்து நிதானமாக ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டான். சிறகு தானாக வேங்கை மரத்துப் பக்கம் திரும்பியது.

என்ன சொல்வது? கழுகைச் சொல்லியாயிற்று. பனிமூட்டமா, இன்று வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. யோசிக்க யோசிக்க நேரம் ஆயிற்று. நேரம் ஆக ஆக இன்னும் பெரிய பொய் தேவைப்பட்டது. எதிர் மரத்திலிருந்து குஞ்சின் குரல் மெலிதாக வந்தது. தொண்டையில் இருந்த பழங்கள் கல்லாகக் கனத்தன. பேசாமல் போய்விட்டு, நாளைக் காலையில் இரண்டு பங்காகக் கொண்டுவந்தால் என்ன என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அப்போது மரநாய் ஒன்று காட்டுப்பலா மரத்தில் ஏறுவதைப் பார்த்தான். பல நாளாக அந்த மரத்தையே சுற்றிக்கொண்டிருந்தது அது. சேற்றுச் சுவர் கல்லாகக் காய்ந்திருந்ததால் வெளியிலிருந்து அதனால் உடைக்க முடியவில்லை. இப்போது அது கீறலருகே போய்க் குழைந்த குரலில் பேசியது.

"தாயே, பிள்ளை அழுகுதே. பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை தடவை வந்துட்டுப் போயிட்டான். உன் புருஷன் உன்னை மறந்துட்டான். சுவரை உள்ளேயிருந்து உடைச்சு விடு. நான் உன்னைத் தாங்கிப் பிடிச்சுப் பழமரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அவர் மறக்கல. எதிர் மரத்துலதான் உட்கார்ந்திருக்கார்" என்றாள் பவளாயி.

மரநாய் திரும்பிப் பார்த்தது. இலைகள் மட்டும்தான் தெரிந்தன. "பொந்துக்குள்ள இருக்கற உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சிறகுச் சத்தம் எனக்குத் தெரியாதா? வந்தது கேட்டுச்சு. திரும்பிப் போனது கேட்கல. எப்பவும் அங்கதான் வந்து உட்காருவார்."

அலகேசனுக்கு உடம்பு முழுவதும் கூசியது. இருவாச்சி பறந்தால் சிறகோசை மலைக்கு மலை கேட்கும். அது அவனுக்குத் தெரியாததா? தன் ஓசையைத் தானே மறந்திருந்தான். கழுகு, பனி, குரங்கு என்று அவன் சொன்ன ஒவ்வொரு நாளும், அவன் எதிரே வந்து உட்கார்ந்ததை அவள் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே 'பாவம்' என்று சொல்லியிருக்கிறாள்.

மரநாய் சிரித்தது. "எதிரே உட்கார்ந்துக்கிட்டே வராதவன், மறந்தவனைவிட மோசம் இல்லையா தாயே?"

குஞ்சு மறுபடி அழுதது. முன்னைவிடச் சன்னமாக அழுதது. கொஞ்ச நேரம் கழித்துப் பொந்துக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுவரிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்து விழுந்தது. மரநாய் நாக்கால் வாயை நக்கிக்கொண்டது.

கூப்பிட்டால், இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்தான் என்பதை நல்லமுத்துவும் கேட்பான், காடே கேட்கும். கூப்பிடாவிட்டால் சுவர் உடையும். அலகேசன் வாயைத் திறந்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

'டொக்.' இன்னொரு சில்லு விழுந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்" என்று அலகேசன் கத்தினான்.

கத்திக்கொண்டே பாய்ந்தான். தொண்டையிலிருந்த பழங்களில் பாதி மரநாயின் தலையில் பொலபொலவென்று கொட்டியது. அது நிமிர்ந்து பார்க்கும் முன் அவனுடைய கனத்த அலகு அதன் முதுகில் இறங்கியது. மரநாய் கிளைக்குக் கிளை உருண்டு, தரையில் விழுந்து எழுந்தது.

"இவ்வளவு நேரமும் அங்கேயா இருந்தே? நல்ல குடும்பஸ்தன்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே புதருக்குள் போயிற்று.

நல்லமுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அலகேசன் அவன் பக்கம் திரும்பாமல், மிச்சமிருந்த பழங்களை ஒவ்வொன்றாகக் கீறல் வழியே கொடுத்தான். உள்ளே குஞ்சு விழுங்கும் சத்தம் கேட்டது.

"ஒரு கழுகு..." என்று பழக்கத்தில் அவன் வாய் தொடங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

"கழுகு இல்ல. ஒரு யானைக்குட்டி மணல் தோண்டிச்சு. பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். அப்புறம் உன் முகத்துல முழிக்க வெட்கப்பட்டு அங்க போய் உட்கார்ந்துட்டேன்."

உள்ளே பவளாயி கடைசிப் பழத்தைக் குஞ்சுக்கு ஊட்டினாள்.

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள் பவளாயி.

"வந்துச்சு."

"நீங்க லேட்டா வந்தா பசிக்கும். அதைப் பொறுத்துக்குவேன். எதிர்ல வந்து உட்கார்ந்துக்கிட்டு வராம இருக்கீங்களே, அதைத்தான் பொறுக்க முடியல."

அலகேசன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, இத்தனை நாளும் கேட்க வெட்கப்பட்டதைக் கேட்டான். "எனக்குத் தானா நினைப்பு வராது பவளாயி. நாளைக்கும் மறப்பேன். நீ கூப்பிடுறியா?"

"இங்கேயிருந்து மரத்தைத் தட்டினா காடே கேட்கும். பரவாயில்லையா?"

"கேட்கட்டும்" என்றான் அலகேசன். அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இல்லை.

உதிர்ந்த இடத்தில் அவன் சேறு கொண்டுவந்து கொடுக்க, அவள் உள்ளேயிருந்து பூசினாள். அன்றிலிருந்து பசிக்கும்போதெல்லாம் பவளாயி மரச்சுவரைத் தட்டினாள். உள்ளீடற்ற அந்த மரம் மத்தளமாக அதிர்ந்தது. அருவிக்கரையில் நிற்கும் அலகேசன் திடுக்கிட்டுத் திரும்புவான். "வீட்டுல கூப்பிடறாங்க அலகேசா, ஓடு ஓடு" என்று குரங்குகள் சிரிக்கும். அவனுக்குக் கூசும். கூசிக்கொண்டே பறப்பான். சில நாள் முதல் தட்டு காதில் ஏறாது. இரண்டாவது தட்டுக்குத்தான் போவான். ஆனால் வேங்கை மரத்தில் உட்காருவதை விட்டுவிட்டான். நல்லமுத்துவும் அப்புறம் புத்தி சொல்லவில்லை. வழியில் அலகேசன் நின்றுவிட்டதைப் பார்த்தால், கடந்து போகும்போது அலகை ஒருமுறை சொடுக்கிவிட்டுப் போவான்.

பவளாயிக்குப் புது இறகு முளைத்தது. சுவரை உடைத்துக்கொண்டு தாயும், கொஞ்ச நாளில் குஞ்சும் வெளியே வந்தார்கள். நல்லமுத்துவின் குஞ்சு வந்ததும் வராததுமாக அப்பாவின் அலகிலிருந்து பழத்தைப் பிடுங்கித் தின்றது.

அலகேசனின் குஞ்சு கிளையில் உட்கார்ந்து, ஒரு சிலந்தி வலையில் காற்று ஆடுவதைப் பார்த்தது. வாயருகே அப்பா நீட்டிய அத்திப்பழம் அதன் கண்ணில் படவே இல்லை.

அலகேசனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. 'மனசுல அக்கறை இருந்தா மறக்குமா?' என்று நல்லமுத்து அன்று கேட்ட கேள்வி அவன் அலகின் நுனிவரை வந்துவிட்டது. பவளாயி அவனைப் பார்த்தாள்.

அவன் அதை விழுங்கிவிட்டு, குஞ்சின் அருகே குனிந்து கிளையை மெதுவாகத் தட்டினான். 'டொக், டொக்.'

குஞ்சு திரும்பி வாயைத் திறந்தது.

நீதி: தாமதத்துக்கு வெட்கப்பட்டு ஒளிந்தால் தாமதம்தான் வளரும், பசித்திருப்பவருக்கு வேண்டியது காரணம் அல்ல, பழம்.