சலங்கைக் கோலும் இரண்டு பஞ்சு உருண்டைகளும்

குதிரை ஏற முடியாத குன்றுகள் நிறைந்த நாடு ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது, கேளுங்கள். அந்நாட்டு அரசனின் ஓலைகளெல்லாம் மனிதர் காலில்தான் போயின. அரண்மனையிலிருந்து எல்லைக் கோட்டை வரை வழிநெடுக ஏழு சுமைதாங்கிக் கற்கள்.

ஓலை கொண்டு ஓடுகிறவன் கையில் சலங்கை கட்டிய கோல் இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் சுமை தூக்குவோர் ஒதுங்குவார்கள், கோட்டைக் கதவு திறக்கும், பெண்கள் நீர்மோரோடு வாசலுக்கு வருவார்கள். ஆறு வருடமாக அந்தக் கோல் ஆதன் கையில் இருந்தது.

ஒருநாள் அவன் காலில் முள் ஏறிப் புரையோடிவிட்டது. இருபது நாள் பாயே கதி என்று கிடந்தான். கோல் எயினன் என்ற இளைஞன் கைக்குப் போயிற்று.

தினமும் காலையில் ஆதன் வீட்டைத் தாண்டிச் சலங்கை ஒலிக்கும். ஆதன் பல்லைக் கடிப்பான். எதிர்வீட்டுக்காரி எயினனுக்கு மோர் கொடுத்ததைப் பார்த்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "எனக்கு ஊத்துற மோரு அது!" என்று புழுங்கினான். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை.

கால் ஆறியதும் அரசனிடம் போய்க் கோலைத் திருப்பிக் கேட்டான்.

"அடுத்த மாதப் பௌர்ணமியன்று காலையில் இருவரும் ஓடி வாருங்கள். நான் எல்லைக் கோட்டையில் இருப்பேன். முந்தி வருபவனுக்கே கோல்" என்றான் அரசன்.

ஆதனுக்குப் பொறுக்குமா? மறுநாளே சலங்கைச் சத்தத்தைத் துரத்தி ஓடினான். மூன்றாம் கல்லில் விழுந்தான். அடுத்த நாளும் துரத்தினான். இரண்டாம் கல்லில் விழுந்தான். மூன்றாம் நாள் முதல் கல்லையே கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அவன் மனைவி வெண்ணி நூல் நூற்பவள். அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

"உங்க காலுக்கு ஒண்ணும் இல்ல. காதுதான் உங்களக் கெடுக்குது. நாளைக்கு முதல் கல்லு மட்டும் போங்க. கொஞ்சம் ஓடுங்க, கொஞ்சம் நடங்க. திரும்பி வந்து மூச்சு வாங்காம என்கூடப் பேச முடிஞ்சா அடுத்த கல்லு. முடியலன்னா அதே கல்லு" என்றாள். நூற்கிற பஞ்சை இரண்டு உருண்டையாக உருட்டி அவன் கையில் கொடுத்தாள்.

ஆதன் அரைமனதோடு காதை அடைத்துக்கொண்டான். ஊர் சிரித்தது. அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு கல்லுக்கு மூன்று நாள் ஆயிற்று, இன்னொன்றுக்கு ஐந்து நாள் ஆயிற்று. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அது உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. பௌர்ணமிக்கு முந்தின வாரம் ஏழாம் கல்லைத் தொட்டுவிட்டு வந்து வெண்ணியோடு வாயாடினான்.

பௌர்ணமி வந்தது. எயினன் அம்பாகப் பாய்ந்தான். ஆதனோ காதில் பஞ்சோடு, பழகியபடியே ஓடினான். முன்னே போகிறவனின் முதுகைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் வேகம் கூட்டவில்லை. எயினன் ஓடியதைவிடத் திரும்பிப் பார்த்ததுதான் அதிகம். பின்னால் வரும் காலடிச் சத்தம் அவன் உயிரை வாங்கியது.

ஆறாம் கல்லில் எயினன் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நக்கலாக ஒரு வார்த்தை சொல்ல ஆதனுக்கு நாக்கு துறுதுறுத்தது. மூச்சை வீணாக்காமல் தாண்டிப் போனான்.

கோட்டையில் அரசன் கோலைக் கொடுத்தான். சற்று நேரத்தில் எயினன் நொண்டிக்கொண்டு வந்தான். வந்தவன் ஆதனைப் பார்க்கவில்லை, கோலைத்தான் பார்த்தான். அந்தப் பார்வை ஆதனுக்குத் தெரியும். இருபது நாள் பாயில் கிடந்து அவன் பார்த்த பார்வை அது.

காதிலிருந்த பஞ்சை எடுத்து எயினன் கையில் வைத்தான்.

"நாளைக்கு ஒரு கல்லு மட்டும் ஓடு தம்பி."

அடுத்தவன் ஓட்டத்தைத் துரத்துகிறவன் இருக்கிற பலத்தையும் இழப்பான். தன் மூச்சறிந்து ஓட்டத்தைக் கூட்டுகிறவனுக்கே இழந்த பலம் திரும்பும்.