பாதி வேலை செய்யும் துப்பாக்கி

ஓணாம்பாளையத்தார் எழுத்தில் கண்டதை எழுத்துப் பிசகாமல் செய்பவர்கள். அவ்வூரில் அங்கண்ணனுக்கு மூன்று ஏக்கர் நிலக்கடலையும், அதைத் தின்னக் கணக்கற்ற காட்டுப்பன்றிகளும் இருந்தன. பதினோர் ஆண்டுகள் மனு எழுதி, அவர் ஒரு துப்பாக்கி உரிமம் பெற்றிருந்தார். துப்பாக்கியில் நான்கு தோட்டாக்களை நிரப்பியதோடு சரி. ஒருமுறையேனும் அது வெடித்ததில்லை.

அவ்வாண்டு தேர்தல் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்காவிடில் உரிமம் ரத்தாகும் என்று அறிவிப்பு வந்தது. அதன் கீழே மூன்று விதிகள் இருந்தன. குழலைப் பாதுகாப்பான திசையில் வைக்கவும். விசையருகே எவர் விரலும் செல்லலாகாது. தோட்டாக்கள் அனைத்தையும் நீக்கிய பின்னரே கொண்டுவரவும்.

அங்கண்ணன் அறிவிப்பை நான்கு முறை படித்தார். உரிமம் போனால் கடலை போகும். கடலை போனால் தாமும் போக வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது. எனவே மச்சான் பொம்மையனையும் பங்காளி குட்டியப்பனையும் வெள்ளிக்கிழமை நண்பகலிலேயே அழைத்துவிட்டார்.

"பாதுகாப்பான திசை எதுங்க மச்சான்?" என்றான் பொம்மையன்.

"அதை நாம எப்படிச் சொல்றது? காலண்டரைப் பாரு."

நாட்காட்டியில், அன்றைக்கு ஆகாத திசையாக, 'சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்' என்று அச்சிட்டிருந்தது. மூவரும் ஆளுக்கோர் உருண்டை வெல்லம் தின்றனர். பிறகு அங்கண்ணன் குழலைக் கிழக்கே திருப்பினார். கிழக்கே குட்டியப்பன் நின்றிருந்தான்.

"அண்ணா, நான் இருக்கறனுங்களே!"

"கிழக்குக்குக் காலண்டர்ல ஒரு குத்தமும் இல்லடா. தைரியமா நில்லு."

"காலண்டருக்கு நான் இங்க நிக்கறது தெரியாதுங்ணா!"

இதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பொம்மையன் ஒப்புக்கொண்டான். குட்டியப்பன் மேற்கே மாற்றப்பட்டான். குழலுக்கு எதிரே எருக்குழி மட்டும் எஞ்சியது.

அடுத்து விரல். மூவரும் இரு கைகளிலும் துண்டைச் சுற்றிக்கொண்டனர்.

"கால்ல இருக்கறதும் விரல்தானுங்களே?" என்றான் குட்டியப்பன்.

அவனுடைய கூர்மையை மெச்சி, மூவரும் கால்களைச் சாக்குகளுக்குள் விட்டுக் கட்டிக்கொண்டனர். அங்கண்ணன் தத்தித் தத்திச் சென்று, துண்டு சுற்றிய கைகளால் துப்பாக்கியின் பக்கவாட்டுப் பிடியை இழுத்தார். ஒரு தோட்டா துள்ளி விழுந்தது. மறுபடியும் இழுத்தார். இன்னொன்று விழுந்தது. மூன்றாம் முறை இழுக்கப்போகையில் பொம்மையன் தடுத்தான்.

"நிறுத்துங்க மச்சான்! துப்பாக்கி வித்த கடைக்காரர் என்னங்க சொன்னாரு? இது அரைத் தானியங்கி. பாதி வேலையைத் தானாவே செய்யும். நாலுல ரெண்டு நம்ம கணக்கு. மீதி அதோட கணக்கு."

"நானே எடுத்துட்டா என்னடா?"

"இன்னிக்கு நீங்க செஞ்சு பழக்கிட்டீங்கன்னா, நாளைக்கு அது ஒண்ணுமே செய்யாதுங்க. எங்க அக்கா உங்களைப் பழக்குன மாதிரி ஆயிரும்."

அங்கண்ணன் பிடியிலிருந்து கையை எடுத்தார். மூவரும் அமர்ந்து துப்பாக்கியைப் பார்த்தனர். மணி மூன்றாயிற்று. துப்பாக்கி அசையவில்லை.

"நாம பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காதுங்களா?" என்றான் குட்டியப்பன்.

உடனே மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி அமர்ந்தனர். மணி நான்காயிற்று. அங்கண்ணனின் நெஞ்சில் பன்றிகள் ஓடின. "போற வழியில செஞ்சுக்கட்டும்" என்று எழுந்தார்.

காவல் நிலையம் மேற்கே இருந்தது. குழல் மேற்கைப் பார்க்கலாகாது. ஆகவே அங்கண்ணன் குழலை முதுகுப்புறம் நீட்டி நடக்க, மற்ற இருவரும் முன்னே போயினர். சாலை தெற்கே வளைந்த இடத்தில், குழல் கிழக்கை விட்டு விலகாதிருக்க, மூவரும் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தனர். சாக்குக் கட்டிய கால்களோடு அவர்கள் நிலையத்தை அடைந்தபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடங்களே இருந்தன.

ஏட்டம்மா சகாயமேரி தலை நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளே தோட்டா இருக்கா?"

"எங்க பாதியில இல்லீங்கம்மா," என்றார் அங்கண்ணன்.

ஏட்டம்மா பாய்ந்து வந்து துப்பாக்கியை வாங்கினார். முற்றத்து மணற்குவியலை நோக்கிக் குழலைத் தாழ்த்தி, பிடியை இருமுறை இழுத்தார். இரண்டு தோட்டாக்களும் வெளியே குதித்தன. பிறகு, கண்ணால் பார்த்தும் சுண்டு விரலால் துழாவியும் உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"பாத்தீங்களா மச்சான்! நம்ம பேச்சைக் கேக்கல. போலீசுன்னதும் தன் பங்கைச் செஞ்சிருச்சு!" என்றான் பொம்மையன்.

ஏட்டம்மா பெருமூச்சு விட்டு ஒரு ரசீது எழுதினார்.

"இதைப் பத்திரமா வெச்சுக்குங்க. தேர்தல் முடியற வரைக்கும் துப்பாக்கிக்குப் பதில் உங்ககிட்ட இதுதான்."

துப்பாக்கிக்குப் பதில் என்றால், துப்பாக்கியின் வேலையையும் அதுதானே செய்ய வேண்டும்? அங்கண்ணன் அன்றே ஒரு கம்பு நட்டு, ரசீதைக் கடலைக்காட்டின் நடுவே பன்றிகளை நோக்கிக் கட்டினார். நாள்தோறும் காலையில் நாட்காட்டியைப் பார்த்து, சூலம் இல்லாத திசைக்கு அதைத் திருப்பியும் வைத்தார். எட்டு நாட்கள் பன்றிகள் வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்தன. கடலையில் கொஞ்சமும் ரசீதில் பாதியும் தின்றுவிட்டுச் சென்றன.

தேர்தல் முடிந்தது. மூவரும் பாதி ரசீதோடு காவல் நிலையத்துக்கு வந்தனர்.

ஏட்டம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதி எங்கேங்க? இதை வெச்சுத் துப்பாக்கி தர முடியாதே!"

அங்கண்ணன் சற்றும் கலங்கவில்லை. "அரைத் தானியங்கிதானுங்களே அம்மா? எங்க பாதியை நாங்க கொண்டாந்துட்டோம். மீதியை அது பாத்துக்குமுங்க."

இவ்வாறு சொல்லிவிட்டு, துப்பாக்கி கூச்சப்படாமல் எழுந்து வரட்டும் என்று, மூவரும் பெஞ்சைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து அமர்ந்தனர்.